வளையாத சுரம்

ஒலிப்பதிவுக் கூடத்தில் மெத்தோடி, கீபோர்டில் சுரத்தை வளைக்கும் ஓரச் சக்கரத்தைக் கட்டைவிரலால் தள்ளுகிறான். குழைந்து இறங்கவேண்டிய சுரம் கம்பிபோல விறைத்து நிற்கிறது. கண்ணாடிக்கு அப்பால் பாடகி ராலிட்சா சூரியகாந்தி விதை கொறித்தபடி கேட்கிறாள். அவளுக்குப் பிடித்தால்தான் இந்தக் கோடைக் கல்யாணங்களில் அவள் குழுவில் அவனுக்கு இடம். "சக்கரம் தேஞ்சிருச்சுடா. என் மச்சான் ஒரு தடவ வாசிக்கட்டும்," என்கிறான் ஒலிப்பதிவாளன் கிரும், திரையிலிருந்து கண் எடுக்காமல். மெத்தோடி ஹெட்போனைக் கணினியிலிருந்து பிடுங்கிக் கீபோர்டிலேயே செருகுகிறான். இப்போது சுரம் எண்ணெயாய் வழுக்கி இறங்குகிறது. கணினிதான் வளைவை விழுங்குகிறது. எழுந்துபோய்த் திரையைப் பார்க்கிறான். தடுக்கவேண்டியவற்றைக் குறிக்கும் வடிகட்டிப் பெட்டியில், சுர வளைவுக்கு நேரே ஒரு டிக். "அது எப்பவும் அப்படித்தாம்பா இருக்கும்," என்கிறான் கிரும். "சரி. உன் மச்சான் வாசிக்கறப்பவும் அப்படியே இருக்கட்டும்." கிரும் மவுஸை நகர்த்தி அந்த டிக்கை எடுக்கிறான்.