கடுகளவு சிவப்பு

“நல்ல வேலையை விட்டுட்டு இந்தப் பொட்டிக்கடைக்குள்ள வந்து உட்கார்ந்துட்டியே எஸ்தர்,” என்றபடி அவளுடைய பழைய மேனேஜர் கிரிதரன் உயிரில்லாத செல்போனை நீட்டினார். “செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. வேற கடையில திறந்து பார்த்துட்டு, முன்னாடி இதைச் சரி பண்ணவங்க வேலை அவ்வளவு சுத்தம், அவங்களையே தேடிப் பிடிங்கன்னு சொல்லிட்டாங்க. அது யாருன்னு தெரியல, நீயாவது பாரு.”

எஸ்தர் ஸ்க்ரூக்களைக் கழற்றி மூடியைத் தூக்கினாள். போர்டின் ஓரத்தில் கடுகளவு சிவப்பு நெயில் பாலிஷ். தான் பழுது பார்க்கும் ஒவ்வொரு போனுக்குள்ளும் அவள் வைக்கிற அடையாளம். அதன் பக்கத்தில் தன் சுண்டுவிரலை வைத்தாள். நகத்திலும் அதே சிவப்பு.

கிரிதரன் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“எப்ப வந்து வாங்கிக்கட்டும், மேடம்?”