மூன்றாம் வழிக்கு ஆளில்லை

மக்டலின் அன்ரிக்கு மூன்றாவது நாளாகவும் விளங்கவில்லை.

"இன்னொருக்காச் சொல்லுங்க மகன். அந்தச் சின்ன டிஸ்க் என்ன செய்யும்?"

கம்பியூட்டர் கடையிலிருந்து தன்னாமுனையில் அன்ரியின் வீட்டுக்கு வந்திருந்த நிலோஜன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். "உங்கட பழைய ஹாட் டிஸ்க் மெதுவா ஓடுது அன்ரி. நீங்க அடிக்கடி திறக்கிறத மட்டும் இந்த எஸ்.எஸ்.டி. தன்னோட வச்சிருந்து டக்கெண்டு தரும். அதுதான் கேஷ். லினக்ஸில அதுக்கு மூண்டு வழி இரிக்கு."

பிள்ளைகள் கனடாவில், மனுசன் கல்லறையில். நாலு அறை வீட்டுக்கு ஓர் ஆள் வந்துவிட்டால் அன்ரி இலேசில் விடமாட்டா என்பது கடையில் எல்லோருக்கும் தெரியும். இன்றோடு சரி, இனிப் போகாதே என்று முதலாளியும் சொல்லிவிட்டார்.

இதைப் பற்றி இணையத்தில் கிடந்த ஒரு தமிழ்க் குறிப்பைப் போனில் திறந்து வைத்துத்தான் நிலோஜன் சமாளித்தான். அன்ரியின் கேள்விகளும் அந்தக் குறிப்பின் வரிசையிலேயே வந்தன. அது அவனுக்கு நல்ல வசதியாகப் போயிற்று.

"முதல் வழி, பிகேஷ் போட்டா?" என்றா அன்ரி.

"வேகம். ஆனா டிஸ்க்க அழிச்சுப் புதுசா அடுக்கணும்."

"எல்விஎம் கேஷ்?"

"உங்கட டிஸ்க்குக்கு அது சரி. ஒண்டையும் அழிக்கத் தேவையில்ல."

"மூண்டாவது?"

"நல்லதுதான். ஆனா அதச் செஞ்சவங்க விட்டுட்டுப் போயிட்டாங்க, பார்க்க இப்ப ஆளில்ல."

"ஆளில்லாட்டி?"

"கொஞ்ச நாள் ஓடும். பிறகு தன்ட பாட்டில நிண்டுரும்."

அன்ரியின் முகம் வாடிப்போயிற்று. "அப்ப ரெண்டாவதையே போடுங்க."

அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. இனி அவனை மறிக்க ஒரு சாட்டும் இல்லை. தேத்தண்ணி ஊற்றட்டுமா என்று அன்ரி கேட்டதைக் காதில் வாங்காமலே வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினான்.

"இனி நான் வரத் தேவையில்ல அன்ரி. இந்தக் குறிப்பே போதும்" என்று அதன் விலாசத்தை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தான். "'வாவிக்காற்று' எண்டு புனைபெயரில ஆரோ ஒரு மனிசன் எழுதியிரிக்கார். எனக்கே விளங்காத இடம் எவ்வளவோ கிடக்கு. அவர் மட்டும் கையில கிடைச்சா நாள் முழுக்க இரிந்து கேப்பன்."

அன்ரி துண்டை வாங்கி, பார்க்காமலே மடித்து வைத்தா.

"செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க மகன். அத எழுதினது நான்தான்."