தறிக்காரர் வீட்டு நெல்

"உங்கட ஸகாத் நெல்லு நல்ல மணி, முதலாளி. ஒரு பதர் இல்ல. அல்லாஹ் பறக்கத் செய்யட்டும்."

நூல் சுற்ற வந்த ஹவ்வா உம்மா வாசலில் நின்று இப்படி வாழ்த்தியதும் மீராசா கணக்குக் கொப்பியை மூடி வைத்தார். மருதமுனையில் வாப்பா விட்டுப்போன தறிச்சாலையை அவரும் தம்பி அச்சிமுகம்மதுவும் கூட்டாகத்தான் நடத்துகிறார்கள். தறிக்காரன் ஏழைகளுக்கு ஸகாத் கொடுத்தால் காசாகக் கொடுப்பான், மிஞ்சிப்போனால் தறியில் நெய்த சாரமாகக் கொடுப்பான். நெல்லாகவே கொடுப்பவன் வயல் வைத்திருப்பவன்.

யார் கொண்டுவந்து தந்தது என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டார். சின்ன முதலாளிதான், வேறு சில கைம்பெண்கள் வீட்டுக்கும் கொடுத்தாராம் என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

அப்படியா சங்கதி என்று மீராசா பல்லைக் கடித்தார். கல்லோயா வாய்க்காலில் தண்ணீர் வந்ததிலிருந்து நாவிதன்வெளிப் பக்கம் வயல் வாங்க ஊரே பறக்கிறது. இவனும் வாங்கிவிட்டான், கள்ளன். தனியாக ஏது காசு அவனுக்கு? பொதுப் பெட்டியில் சுரண்டுவது அப்படியொன்றும் பெரிய வித்தையில்லை. வாங்கிய நூலுக்கு விலையைக் கூட்டிச் சொல்லலாம், விற்ற சாரத்துக்குக் குறைத்துச் சொல்லலாம். காணியைப் பெண்சாதியின் பேரில் எழுதிவிட்டால் யார் கண்டது? கொஞ்ச நாளாகத் தம்பி முகம் கொடுத்துப் பேசாததும், தன்னைக் கண்டதும் நழுவிப் போவதும் ஏனென்று இப்போது விளங்கிவிட்டது.

தங்கச்சி ஜெமீலாவின் நினைப்பு வந்ததும் கோபம் தலைக்கேறியது. இந்த ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கல்யாணப் பேச்சே எடுக்க முடியாது. ஜெமீலாவின் வீடு முடியும்வரை தறிச்சாலைக் காசில் ஒரு சதமும் வேறெதற்கும் போகாது என்று வாப்பா மௌத்தாகும்போது இரண்டு ஆண்மக்களும் வாக்குக் கொடுத்திருந்தார்கள். வீடோ கூரையில்லாமல் வெறும் சுவராக நிற்கிறது. மாப்பிள்ளை வீட்டாரும் தவணை கொடுத்துக் கொடுத்துச் சலித்துப்போனார்கள்.

அஸர் தொழுதுவிட்டு வந்த தம்பியைச் சாயக் கொட்டிலுக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"ஸகாத் குடுத்தியாமே. நெல்லு எங்கால?"

அச்சிமுகம்மது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தான். அது மீராசாவுக்கு இன்னும் தோதாகிவிட்டது. வாப்பாவுக்குக் கொடுத்த வாக்கை எடுத்தார், தங்கச்சியின் வயதை எடுத்தார், ஊர் வாயை எடுத்தார். தறி ஒன்றையே நம்பியிருக்க முடியாதுதான், நாளைக்கு நூல் வராவிட்டால் எல்லாரும் பட்டினிதான், அதெல்லாம் தனக்கும் தெரியும் என்றார். ஆனாலும் கூடப் பிறந்தவள் குமராக இருக்கும்போது தனக்கென்று வயல் தேடுகிறவன் மனுசனா என்று கேட்டார். சொல்லும்போது அவருக்கே கண் கலங்கிவிட்டது.

"எவ்வளவு காணி? ஆர்ர பேர்ல எழுதியிரிக்காய்?"

"எனக்குக் காணி இல்ல, காக்கா."

"அப்ப நெல்லு வானத்தால விழுந்ததா?"

தம்பி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். காக்கா நூல் எடுக்க மட்டக்களப்புக்குப் போயிருந்த அன்று, நாவிதன்வெளிப் பக்கத்துச் சொறிக்கல்முனையிலிருந்து அழகரெத்தினம் என்ற கமக்காரர் வண்டில் கட்டிக்கொண்டு தறிச்சாலைக்கு வந்தாராம்.

இப்போது மீராசாவும் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"பக்கத்து வயல் நம்மட ஆக்கள் எல்லாரும் சூடடிச்ச களத்திலயே ஏழையட பங்கப் பிரிச்சாங்களாம். உங்கட காக்கா மட்டும் மறந்திட்டார் போல எண்டு, நல்ல மனுசன், அவராப் பிரிச்சி ஏத்திக்கொண்டு வந்திட்டார். அவர் செய்யிற உங்கட வயல் நெல்லுதான் அது. ஏழையட பங்க நான் குடுத்திட்டன், காக்கா. ஜெமீலாட பங்க நீங்க எப்ப குடுக்கப் போறீங்க?"