ஒரே டிரான்ஸ்ஃபார்மர்

“யாரு மோட்டாரைப் போட்டது?”

எழில்மொழி போட்ட சத்தத்தில் அம்மா ராமாயி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். மகளின் கம்ப்யூட்டர் திரை கறுத்துக் கிடந்தது.

“நம்ம மோட்டார் இல்லடி. நீ கத்தினதுலேருந்து ரெண்டு நாளா அப்பா சுவிட்ச் பக்கமே போகல. நாத்தங்கால் வெடிச்சுக் கிடக்கு.”

“ரெண்டு நாள்ல நாத்து செத்துடாதும்மா. என் புராஜெக்ட் செத்துடும்!”

லினக்ஸில் ஓடும் ஒரு டெக்ஸ்ட் எடிட்டர். ரெடிமேடாக இறக்கினால் ஒரு நிமிஷ வேலை. சோர்ஸ் கோடை இறக்கி, தானே கம்பைல் செய்து, ஓடும் புரோகிராமாக்கிக் காட்டுவதாக வகுப்பில் சவால் விட்டிருந்தாள். இன்று மதியம் ஆன்லைனில் காட்டியாக வேண்டும். நேற்று முழுக்க அந்த லைப்ரரி இல்லை, இந்த லைப்ரரி பழசு என்று எரர். இன்றைக்குத்தான் கம்பைல் ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. யூ.பி.எஸ். பேட்டரியோ எப்போதோ உயிரை விட்டிருந்தது. வோல்டேஜ் படுத்தால் எல்லாம் அணைந்து, மறுபடி முதலிலிருந்து.

“கடையில மாவு விக்கிறப்ப உரல்லதான் ஆட்டுவேன்னா எப்படிடி?”

“அடுத்தவங்க ஆட்டின மாவுல என்ன கலந்திருக்குன்னு உனக்குத் தெரியுமா?”

பதிலுக்குக் காத்திராமல் வயலுக்கு நடந்தாள்.

பக்கத்து வயல் சித்தீக் மண்வெட்டியும் கையுமாக வரப்பில் நின்றார். அவர் மோட்டார்தான் ஓடிக்கொண்டிருந்தது.

“மாமா, எல்லாருக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர். நீங்க மோட்டார் போட்டா எங்க வீட்டுல கம்ப்யூட்டர் அணைஞ்சிடுது. உங்களுக்கு உங்க வயல் மட்டும்தான் கண்ணுல படுமா? பொதுவுல இருக்கிறதை ஒருத்தரே இழுத்துக்கிட்டா அதுக்குப் பேரு என்ன மாமா?”

“அடேங்கப்பா! நீ வக்கீலுக்குல்ல படிச்சிருக்கணும்” என்று சிரித்தார் சித்தீக். “என் வயலுக்கு முந்தாநாளே பாய்ச்சியாச்சும்மா.”

“அப்ப இந்தத் தண்ணி?”

மண்வெட்டியை நீட்டிக் காட்டினார். மடை திறந்திருந்தது. தண்ணீர் எழில்மொழி வீட்டு நாற்றங்காலுக்குள் சலசலத்து இறங்கிக்கொண்டிருந்தது.

“ரெண்டு நாளா உங்க மோட்டார் சத்தமே கேக்கல. உங்கப்பா வாயத் திறந்து கேக்கற ஆளா? நாத்து கருகுதேன்னு நானே திறந்து விட்டுட்டேன். ஆமா, என்ன கோளாறு? காயில் எரிஞ்சிடுச்சா?”

எழில்மொழி குனிந்து, நாற்றங்காலின் வெடிப்புகளுக்குள் தண்ணீர் இறங்குவதைப் பார்த்தாள்.

“மோட்டார் நல்லாத்தான் இருக்கு மாமா” என்றாள்.