கண்டவர்கள்

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மைக்கைக் கையில் வாங்கினாள். முன்னால் பேசியவரின் வியர்வை அதில் ஈரமாக ஒட்டியிருந்தது.

"நிறுத்தி நிதானமாப் படிம்மா. ஆபீசருக்குப் புரியணும்" என்றார் சேதுராமன், காலனிச் சங்கத்தின் செயலாளர்.

மனு இரண்டு பக்கம். அவர் வீட்டுச் சமையலறை வாசலில் நின்று, அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதியது. உள்ளே அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒம் பொண்ணு தமிழ் எம்.ஏ. தானே தேசம்மா? எங்க வீட்டுப் பசங்களுக்கு அனா ஆவன்னாவே தகராறு."

அம்மா சோப்புக் கையோடு சிரித்தாள். பெருமை தாங்கவில்லை அவளுக்கு.

மாட்டேன் என்றிருக்கலாம். அம்மாவின் வேலை போயிருக்கும்.

படித்தாள்.

ஒரு மனையில் எட்டுச் சிறு வீடுகள் கட்டலாம் என்ற புதிய விதியை இந்தக் காலனி ஆட்சேபிக்கிறது.

"சின்ன வீடு வெச்சுக்க கவர்மென்ட்டே பர்மிஷன் குடுக்குதுய்யா!" என்றது நடுவரிசையில் ஒரு குரல். கூடமே சிரித்தது.

தண்ணீர் போதாது. படித்தாள்.

சாக்கடை தாங்காது. படித்தாள்.

கார் நிறுத்த இடம் இருக்காது. இதற்குத்தான் கைதட்டினார்கள்.

எட்டுச் சிறு வீடுகள்.

"அதுல ஒண்ணு நம்மளுக்கு வாடகைக்குக் கெடைக்குமாடி?" அம்மா ஒரே ஒரு முறை கேட்டாள். பிறகு கேட்கவில்லை.

கால்வாய்க் கரையில் இருந்த குடிசையைப் பிடுங்கி, ஊருக்கு வெளியே ஏழாவது மாடியில் அவர்களைக் கொண்டுபோய்க் கடாசி ஆறு வருடம் ஆகிறது. லிஃப்ட் ஓடிய நாட்களை விரல்விட்டு எண்ணலாம். முன்பு நடந்தே வந்த தெருவுக்கு இப்போது இரண்டு பஸ். அம்மாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது.

கடைசிப் பத்தி வந்தது.

அந்த இடத்தில் சேதுராமன் குரலைத் தாழ்த்திச் சொல்லியிருந்தார்: "சின்னச் சின்ன வீடா வந்தா கண்டவங்கல்லாம் குடி வந்துடுவாங்க. இத மட்டும் நல்ல தமிழ்ல போட்டுடும்மா. தப்பாத் தெரியக் கூடாது."

கண்டவர்கள்.

நல்ல தமிழ்தான். காண் என்பதிலிருந்து பிறந்த சொல். கண்ணால் கண்டவர்கள். பத்தொன்பது வருடமாகத் தினம் காலையில் கதவைத் திறந்ததும் இவர்கள் கண்டது யாரை?

வீட்டில் உட்கார்ந்து மனுவைப் படியெடுக்கும்போது அந்த ஒரு சொல்லை மாற்றினாள். சேதுராமன் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

கூடத்தின் கடைசியில் அம்மா டீத் தட்டோடு நின்றிருந்தாள். மகள் மேடையில் மைக் பிடித்திருப்பதை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிறு வீடுகள் வந்தால் இங்கே குடிவரக்கூடியவர்கள்…"

நிறுத்தினாள். பிறந்ததிலிருந்து அம்மாவின் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"தேசம்மா."

வாசலில் கட்டியிருந்த ஸ்பீக்கர் அதைத் தெருவுக்கும் சொன்னது.

அதிகாரி தலை நிமிர்ந்தார். யாரும் சிரிக்கவில்லை.

டம்ளர்கள் குலுங்க, முட்டியைத் தாங்கித் தாங்கி, அம்மா முன்வரிசைக்கு ஓடிவந்தாள்.

"தோ வந்துட்டேன் சார். யாருக்கு டீ வரல?"