பொட்டலத்தில் அடங்காத பதில்

அன்று வெண்ணந்தூர் விசைத்தறிக் கூடத்தின் ஆபீஸ் அறையில் மூன்று பேர் இருந்தார்கள்: முதலாளி சந்திரசேகர், அவர் மகள் தேவிப்ரியா, சேலத்திலிருந்து வந்த நெட்வொர்க்காரர் அன்பரசு.

கூடத்தின் நெட்வொர்க் பெட்டிகளை நலம் விசாரிக்கும் மென்பொருளை எழுதியவள் தேவிப்ரியா. பதில் ஒரு பொட்டலத்தில், அதாவது நெட்வொர்க்கில் ஒரே தடவையில் போகும் அளவில், அடங்காவிட்டால் பெட்டி அதை வெட்டி அனுப்பக் கூடாது. 'பதில் பெரிது' என்று மட்டும் சொல்ல வேண்டும். மென்பொருள் கேள்வியைக் குறைத்து மறுபடி கேட்கும். அதுதான் முறை.

போன வாரம் வாங்கிய பெட்டியிடம் அவள் குறைத்துக் குறைத்து, கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்: எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறாய்? ஒற்றை எண் போதும். அதற்கும் பெட்டி 'பதில் பெரிது' என்றது.

"புள்ள எழுதுனதுல கோளாறுங்க," என்றார் அன்பரசு. "கொள்ற மட்டும் வெட்டி வாங்கிக்கலாமுங்க."

சந்திரசேகருக்கு முகம் சிவந்தது. "அரைப் பேச்சு வாங்கிப் பொழைக்கிற ஊடு இதில்லீங்க. உங்க லேப்டாப்புல கேட்டுப்போட்டு அப்புறம் எம்புள்ளையச் சொல்லுங்க."

அன்பரசு கேட்டார். அதே பதில். கரண்ட் வயர் உட்பட பெட்டியின் வயர்களை எல்லாம் பிடுங்கிவிட்டுக் கேட்டார். அதே பதில்.

"இப்பச் சொல்லுங்க, யாரு எழுதுனதுல கோளாறு?" என்றார் சந்திரசேகர்.

அவருக்கு ஆத்திரம் அப்போதும் ஆறவில்லை. "எம்புள்ளைக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்தது இதுதான?" என்று பெட்டியைத் தூக்கினார்.

"அப்பா, வேண்டாமுங்க," என்றாள் தேவிப்ரியா.

சிமெண்ட் தரையில் அவர் போட்டு உடைத்ததோடு பெட்டி அடங்கிவிட்டது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். உடைத்தது உண்மை. அடங்கியது பொய்: உடைந்த பின்னும் கேட்டால் 'பதில் பெரிது' என்றே வருகிறது.