அசல் நீலம்

“இன்னொரு தடவை பாருங்க சார்.”

கல் பரிசோதகருக்குப் பொறுமை போய்விட்டது. கோலிக்குண்டு அளவிருந்த அந்த நீலக்கல்லை மறுபடியும் லென்ஸுக்கு அடியில் வைத்தார்.

“எத்தனை தடவை பார்த்தாலும் அதேதாம்மா. அசல் நீலம். உள்ளே பட்டுநூல் மாதிரி இழை ஓடுது. கண்ணாடின்னா குமிழிதான் தெரியும். நிறமும் விளிம்பு வரைக்கும் ஒரே சீரா இருக்கு. இதை வித்தா ஒரு வீடே வாங்கலாம்.”

“உங்க லென்ஸ் சரியா இருக்கா சார்?”

“போலியைக் கொண்டுவந்து அசல்னு சொல்லச் சொல்லி உயிரை வாங்குறவங்களைத் தினமும் பார்க்கிறேன். அசல்னு சொன்னதுக்கு முகம் வாடுற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன். உங்களுக்கு என்னதாம்மா வேணும்?”

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“கண்ணாடின்னு சொன்னா போதும் சார். பிளாட்பாரத்துல வாங்கினதுன்னு சொல்லித்தான் என் வீட்டுக்காரர் நேத்து கொடுத்தார். அவர் நகைக்கடையில வாட்ச்மேன்.”

பரிசோதகர் லென்ஸைக் கீழே வைத்தார். அவள் எழுந்தாள். கல்லை எடுத்துக்கொள்ளவில்லை.

“இது இங்கேயே இருக்கட்டும். நான் போய் அவரைக் கூட்டிட்டு வர்றேன். கல்லை எடுத்துட்டுப் போய் நகைக்கடை முதலாளிகிட்ட அவர் வாயாலேயே சொல்லட்டும்.”